பெருந்தொற்றும் பெயர் இடாப்பும்

பிணி ஒரு நாட்டிற் புகுமாயின் பசி அதனைப் பின்தொடர்ந்து வரும் என்பது பண்டையோர் நன்கறிந்த உண்மையாகும். நாட்டுக்கு இலக்கணங் கூறவந்த வள்ளுவர் இவ்விரண்டையும் ஒரே குறளில் அடுத்தடுத்து வைத்து எண்ணியமை ஈண்டு நினைத்தற்குரியது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11 ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயினைப் பெருந்தொற்றென அறிவித்தது. அதனைத் தொடர்ந்து சில வாரங்களுள் உலக நாடுகளிற் பெரும்பாலானவை தொழிற்சாலைகளையும் சந்தைகளையும் பாடசாலைகளையும் மூடின; மக்களை வீட்டினுள் இருக்கப் பணித்தன. நோய் நுழையாத வீடுகளிலும் வருவாய்க் குறைவு நுழைந்தது.

அக்குறைவு ஆடவரையும் பெண்டிரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. 2019 ஆம் ஆண்டுக்கும் 2020 ஆம் ஆண்டுக்கும் இடையில் உலகெங்கும் 5 கோடியே 40 இலட்சம் பெண்களும் 6 கோடி ஆடவரும் வேலையிழந்தனர் எனச் சர்வதேசத் தொழில் நிறுவனம் கணக்கிட்டது. இழந்தோர் தொகையை மட்டும் நோக்குவோர் ஆடவர்க்கே இழப்பு மிகுதி என்று கருதக்கூடும். ஆனால் வேலையிலிருந்த பெண்களின் தொகையே முன்னர்ச் சிறிதாயிருந்தது என்பதை மறத்தலாகாது. விகிதப்படி நோக்கின் ஆடவர் வேலைவாய்ப்பு நூற்றுக்கு 3 வீதமும் பெண்டிர் வேலைவாய்ப்பு நூற்றுக்கு 4.2 வீதமும் குறைந்தன. இதற்குக் காரணம் தேடித் தொலைதூரஞ் செல்லவேண்டியதில்லை. தையல், வீட்டுப்பணி, உணவகம், சிறு வியாபாரம் ஆகிய பெண்கள் மிகுதியாக ஈடுபட்ட தொழில்களே முதலில் நின்றன. பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பும், நோயுற்றோரைப் பேணும் பொறுப்பும் வீட்டிலிருந்த பெண்ணின் தலைமேலேயே ஏறின. வீட்டுக்குள் நிகழும் வன்முறையும் பெருகியது. ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்பு அதனை "நிழற் பெருந்தொற்று" என 2020 ஏப்பிரிலிற் பெயரிட்டது.

அரசாங்கங்கள் வாளாவிருந்தன என்று கூறமுடியாது. ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டமும் பெண்கள் அமைப்பும் கூடித் தொகுத்த கணக்கில், 226 நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் மேற்கொண்ட ஏறத்தாழ 5000 நடவடிக்கைகள் இடம்பெற்றன. அவற்றுள் மூன்றிலொரு பங்களவே பெண்களின் நிலையைக் கருத்திற்கொண்டவை. சமூகப் பாதுகாப்பும் தொழிலும் பற்றிய நடவடிக்கைகளுள், கூலியற்ற பராமரிப்பு வேலையின் சுமையைக் குறைக்க வந்தவை நூற்றுக்கு ஏழளவே.

இவ்வெண்ணிக்கைகளைக் காட்டிலும் ஆழமான வினா ஒன்றுண்டு. உதவி கொடுக்கப்பட்டபோது அது யார் பெயருக்குக் கொடுக்கப்பட்டது? ஓர் அரசாங்கம் தான் அறியாத ஒருவருக்கு எதனையுங் கொடுக்க இயலாது. அரசாங்கம் ஒருவரை அறிவது இடாப்பு ஒன்றில் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கும் அளவிலேயே. வாக்காளர் இடாப்பு, வங்கிக் கணக்கு, பங்கீட்டு அட்டை, தொழிலாளர் பதிவு, குடும்பப் பட்டியல் என அவ்விடாப்புக்கள் பல வகைப்படும். சாதாரண காலத்தில் அவை காரியாலய அலுமாரிகளில் உறங்குகின்றன. ஆபத்துக் காலத்தில் ஒரு கிழமைக்குள் கோடிக்கணக்கானோருக்கு உதவ வேண்டியபோது புதிய இடாப்பு எழுத அவகாசமில்லை. ஏற்கெனவே எழுதி வைத்ததே துணை. ஆகவே, பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு எத்தகைய உதவி கிடைத்தது என்பது, அந்நோய் வருவதற்கு முன்னரே அவள் எந்த இடாப்பில் என்னவாக எழுதப்பட்டிருந்தாள் என்பதைப் பொறுத்ததாயிற்று.

முதலில் இந்தியாவை நோக்கலாம். 2020 மார்ச்சு 25 ஆந் திகதி முதல் அந்நாடு முழுவதும் முடக்கப்பட்டது. மறுநாளே நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் உதவித் திட்டமொன்றை அறிவித்தார். அதன்படி 'ஜன்தன்' என்னும் வங்கிக் கணக்கு வைத்திருந்த ஏறக்குறைய 20 கோடிப் பெண்களுக்கு மாதம் 500 ரூபாவாக மூன்று மாதங்கள் பணம் வழங்கப்பட்டது. வங்கி வாயில்களிற் கூட்டம் சேராதிருக்கும் பொருட்டுக் கணக்கெண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் வகுக்கப்பட்டது. 0, 1 என முடியும் கணக்குகளுக்கு ஏப்பிரில் 3 ஆந் திகதி. 2, 3 என முடிவனவற்றுக்கு மறுநாள். இவ்வாறே 9 ஆந் திகதிவரை. இத்துணைப் பெருந்தொகையான பெண்களின் பெயருக்கு ஓர் அரசாங்கம் இவ்வளவு விரைவாகப் பணம் அனுப்பியமை வரலாற்றில் அரிது. 2014 ஓகஸ்ட் 28 ஆந் திகதி தொடங்கப்பட்ட ஜன்தன் திட்டத்தில், இருப்புத் தொகை எதுவுமின்றியே ஏழைகள் கணக்குத் திறக்க இடமளிக்கப்பட்டிருந்தது. அக்கணக்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை பெண்களின் பெயரில் இருந்தன. கணக்குத் திறந்தபோது எவரும் நோயை எண்ணியிருக்கமாட்டார். ஆறாண்டுகளின் பின்னர் அவ்விடாப்பே கைகொடுத்தது.

ஆயினும் அதே இடாப்பு பலரைக் கைவிடவுஞ் செய்தது. சாதாரண வங்கிக் கணக்கோ அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோ வைத்திருந்த ஏழைப்பெண்ணுக்கு அந்த 500 ரூபா வரவில்லை. அவள் கணக்கு 'ஜன்தன்' என்ற வகையைச் சார்ந்ததன்று என்பதே காரணம். இந்தியாவின் ஏழைப் பெண்களுட் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு விடுபட்டிருக்கக்கூடும் என யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் அந்நாளிலேயே மதிப்பிட்டனர். தொகையும் சிறிது, மூன்று மாதத்துக்கும் சேர்த்து 1500 ரூபா ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவையே தாங்கப் போதாது.

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள தோகோ நாடு, இலங்கையினுஞ் சனத்தொகை குறைந்தது. செல்வத்திலும் மிகப் பின்தங்கியது. அந்நாடு செய்த காரியம் பலரும் அறியாததாகலின் சற்று விரித்துரைத்தல் தகும். 2020 ஏப்பிரில் 8 ஆந் திகதி அந்நாட்டரசாங்கம் 'நோவிசி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. எவே மொழியில் அச்சொல் ஒருமைப்பாட்டைக் குறிக்கும். தலைநகராகிய உலோமேயிலும் அயலிலும் முடக்கத்தால் வருவாயிழந்த சிறுதொழிலாளர்க்கு மாதம் இருமுறை பணம் கொடுப்பதே அதன் நோக்கம். விண்ணப்பப் பத்திரமோ, வரிசையோ, உத்தியோகத்தரின் ஒப்பமோ வேண்டியதில்லை. மிகச் சாதாரணமான கைத்தொலைபேசியில் 855 என்னும் எண்ணை ஒருவகைக் குறிகளோடு அழுத்தி, வாக்காளர் அட்டையின் எண்ணைக் கூறினாற் போதும், இணையம் வேண்டா. தகுதி காணப்பட்டவுடன் பணம் அத்தொலைபேசியின் கணக்குக்கே வந்து சேர்ந்தது.

ஏன் வாக்காளர் அட்டை? அவ்வாண்டு பெப்ரவரியிற் சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. அதன்பொருட்டு வாக்காளர் இடாப்பு அண்மையிலேயே புதுக்கப்பட்டிருந்தது. அதில் ஒவ்வொருவரின் தொழிலும் இருப்பிடமும் எழுதப்பட்டிருந்தன. தேர்தலுக்காக எழுதிய ஏடு பசிக்கு உதவிற்று.

நோவிசி திட்டத்தின் குறிப்பிடத்தக்க சிறப்பு வேறொன்றாகும். ஆடவர்க்கு மாதம் 10,500 பிராங்கும் பெண்டிர்க்கு 12,250 பிராங்கும் என உதவித்தொகை வேறுபடுத்தப்பட்டது. அந்நாட்டின் ஆகக்குறைந்த மாதச்சம்பளம் அப்பொழுது 35,000 பிராங்கு. ஆகவே ஆடவர்க்கு அதில் நூற்றுக்கு முப்பதும் பெண்களுக்கு முப்பத்தைந்தும் எனக் கொள்ளலாம். பதிவற்ற சிறுதொழில்களிற் பெண்களே மிகுதியாக உள்ளனர், குடும்பத்தின் உணவுப் பொறுப்பும் அவர்களையே சார்ந்தது என அரசாங்கம் காரணங் கூறியது. பெண்ணுக்குக் கூலி குறைவாயிருத்தல் உலகெங்கும் பழகிப்போன செய்தி. ஓர் அரசாங்கம் தன் கையாற் பெண்ணுக்குக் கூடுதலாக எழுதியமை அப்பழக்கத்துக்கு மாறானதாகலின் கவனிக்கற்பாலது. வாக்காளராகப் பெயர் எழுதப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் அங்குத் தனியாளாகவே எண்ணப்பட்டாள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்ற கேள்வி எழவில்லை.

குறைகளும் இருந்தன. வாக்காளர் அட்டை பெறாதவர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை. பின்னர் நாட்டுப்புறத்துக்கு அதனை விரித்தபோது, செயற்கைக்கோட் படங்களையும் தொலைபேசிப் பயன்பாட்டுப் பதிவுகளையுங் கொண்டு ஏழைகளைக் கண்டறியும் முறையொன்று கையாளப்பட்டது. புதுமையான முறைதான், எனினும் தொலைபேசியே இல்லாத பெண்ணை எந்தக் கணக்கியந்திரமுங் கண்டறியமாட்டாது. கணவனின் தொலைபேசியை இரவல் வாங்கிப் பேசுபவள் அப்பதிவில் கணவனாகவே தோற்றுவாள்.

மேலே கூறிய இரு நாடுகளிலும் பெண் பணத்தைப் பெறுபவளாக மட்டும் இருந்தாள். இந்தியாவின் கேரள மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கு 'குடும்பஸ்ரீ' என்னும் பெண்கள் அமைப்பு 1998 மே 17 ஆந் திகதி மலப்புறத்தில் தொடங்கப்பட்டது. பத்து முதல் இருபது வரையான அயல்வீட்டுப் பெண்கள் கூடி அமைப்பது 'அயற்கூட்டம்'. கிழமைதோறும் ஒருவர் வீட்டிற் கூடுவர். சிறு தொகை சேமிப்பர். தமக்குட் கடன் கொடுப்பர். அயற்கூட்டங்கள் சேர்ந்து வட்டார அமைப்பும், வட்டார அமைப்புக்கள் சேர்ந்து ஊராட்சி அளவிலான சங்கமும் ஆகும். நோய் வந்தபோது இவ்வமைப்பில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தனர். இஃது அலுமாரியில் உறங்கும் இடாப்பன்று. கிழமைக்கொருமுறை கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் இடாப்பு. 2018 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தின் பின்னர் வீட்டுப் பொருள்களை இழந்த குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கடன் இவ்வமைப்பின் வழியாகவே வழங்கப்பட்டது. ஆகவே ஆபத்துக் காலத்து வேலை இவர்களுக்குப் புதிதன்று.

2020 மார்ச்சு 19 ஆந் திகதி, இந்திய முடக்கம் வருமுன்னரே, கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் 20,000 கோடி ரூபா உதவித் திட்டமொன்றை அறிவித்தார். அதில் 2000 கோடி ரூபா குடும்பஸ்ரீ வழியாகக் கடனாகக் கொடுக்க ஒதுக்கப்பட்டது. உறுப்பினர் ஒருவர் 5000 முதல் 20,000 ரூபா வரை பெறலாம்; வட்டியை அரசாங்கம் ஏற்றது. முடக்கம் தொடங்கிய சில நாட்களுக்குள் ஊராட்சிகள் தோறும் பொதுச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. தனித்திருந்த முதியோர்க்கும், வெளிமாநிலத் தொழிலாளர்க்கும், வீட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டோர்க்கும் உணவு அங்கிருந்து சென்றது. சமைத்தவர்களிற் பெரும்பாலோர் அயற்கூட்டத்துப் பெண்களே. தையல் தெரிந்தோர் முகக்கவசம் தைத்தனர். பின்னர் இருபது ரூபாவுக்கு ஒருவேளைச் சோறு விற்கும் மக்கள் உணவகங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இவ்வமைப்பின் பெண்களால் நடத்தப்பட்டன. சோறொன்றுக்குப் பத்து ரூபாவை அரசாங்கம் மானியமாகக் கொடுத்தது. வேலையிழந்த பெண் உதவி பெற்றாள் என்பதோடு நில்லாது, உதவும் வேலையே அவளுக்குத் தொழிலாயிற்று. மற்றெந்தத் திட்டத்திலும் காணாத சிறப்பு இதுவே.

இச்சிறப்பைக் கூறுவோர் பின்னர் நிகழ்ந்ததனைக் கூறாது விடுதல் வழக்கம். மானியத்தொகை நெடுநாள் நிலுவையாயிற்று. அரிசியும் மரக்கறியும் கடனுக்கு வாங்கி இருபது ரூபாவுக்குச் சோறு போட்ட பெண்கள், கொடுக்கவேண்டிய பணத்தைக் கேட்டு அரசாங்கத்தின் வாயிலில் நிற்க நேர்ந்தது. 2023 ஓகஸ்டில் மானியம் நிறுத்தப்பட்டுச் சோற்றின் விலை முப்பது ரூபாவாயிற்று. ஆபத்துக் காலத்திற் போற்றப்பட்ட கைகள் ஆபத்து நீங்கியதும் கணக்குப் புத்தகத்தின் செலவுப் பக்கத்துக்கு மாற்றப்பட்டன. இன்னொரு குறையும் உண்டு. குடும்பமொன்றிலிருந்து ஒரு பெண்ணே அயற்கூட்டத்தில் உறுப்பினராகலாம் என்பது விதி. தாயோ மாமியோ உறுப்பினராயின் மகளுக்கும் மருமகளுக்கும் இடமில்லை. படித்து வேலையின்றி இருந்த இளம்பெண்கள் இவ்வாறு பல்லாண்டு வெளியே நின்றனர். 2021 ஆம் ஆண்டிற் பதினெட்டு முதல் நாற்பது வயது வரையானோர்க்குத் துணைக்குழுக்கள் தொடங்கப்பட்டபோதே அவர்களின் பெயரும் ஏட்டிலேறியது.

எந்தப் பெயரில் எழுதப்பட்டாள் என்பதன் வலிமையைக் காட்ட இந்தியாவின் 'ஆஷா' பணியாளரைக் காட்டிலும் வேறு சான்று வேண்டா. 2005 ஆம் ஆண்டிலிருந்து கிராமங்கள் தோறும் சுகாதார வேலை செய்த இவர்கள் ஏறக்குறைய பத்து இலட்சம் பெண்கள். நோய் பரவியபோது வீடுவீடாகச் சென்று காய்ச்சற்காரரைக் கணக்கெடுத்தவர்கள் இவர்களே. ஆனால் அரசாங்க ஏட்டில் இவர்கள் தொழிலாளரல்லர்; தொண்டர். தொண்டருக்குச் சம்பளமில்லை, ஊக்கத்தொகையே உண்டு. 2020 ஓகஸ்டில் ஊதியமும் பாதுகாப்பு உடையுங் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கியது. விருது கிடைத்தபோதும் ஏட்டிலிருந்த சொல் மாறவில்லை.

இடாப்பே வேண்டாத உதவிகளும் இருந்தன. ஸ்பெயின் நாட்டுக் கனேரித் தீவுகளில், வீட்டில் வன்முறைக்கு உள்ளான பெண் மருந்துக்கடைக்குச் சென்று "முகக்கவசம் 19" என்று கேட்டாற் கடைக்காரர் உரியவர்களுக்குச் செய்தி கொடுப்பார் என்னும் ஏற்பாடு 2020 மார்ச்சிற் செய்யப்பட்டது. பிரான்சும் அதனைப் பின்பற்றியது. அச்சொற்றொடரைக் கூறும் பெண்ணின் பெயர் எந்த இடாப்பிலும் முன்னரே இருக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 மே 8 ஆந் திகதி முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணஞ் செய்ய அனுமதிக்கப்பட்டமையும் இவ்வகையினதே. அனுமதி வந்த இரண்டாம் நாள் மாநிலம் முழுதும் மீண்டும் முடக்கப்பட்டமையால் அதன் பயன் தெரியச் சில வாரங்கள் சென்றன. அட்டையில்லை, விண்ணப்பமில்லை, வருமானச் சான்றிதழில்லை. பேருந்தில் ஏறுவதே தகுதி. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வொன்று, இதனாற் பெண்ணொருத்திக்கு மாதம் மிஞ்சிய தொகை சராசரி எண்ணூறு ரூபாவுக்கு மேற்பட்டதெனக் கண்டது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் செல்லும் பெண்ணுக்கு அது சிறு தொகையன்று.

2023 செப்டெம்பர் 15 ஆந் திகதி காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத்தொகை வேறுவகையினது. மாதம் 1000 ரூபா ஒரு கோடியே ஆறு இலட்சம் பெண்களின் கணக்குக்குச் சென்றது. பெண் வீட்டிற் செய்யும் கூலியற்ற வேலைக்கு ஏற்பளித்தல் அதன் கருத்தாகக் கூறப்பட்டது. 'உதவி' என்னாது 'உரிமை' என்றமையும் அக்கருத்துப் பற்றியே. சொல் உயர்ந்ததுதான். ஆயினும் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பத்துப் பெண்ணும், ஆண்டுக்கு 3600 அலகுக்கு மேல் மின்சாரஞ் செலவாகும் வீட்டுப் பெண்ணும் விலக்கப்பட்டனர். குடும்ப அட்டை ஒன்றுக்குக் குடும்பத்தலைவி ஒருத்தியே. உரிமை பெண்ணுடையதென்றால் அதனை வீட்டின் மின்கட்டணத்தைக் கொண்டு அளப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை எளிதன்று.

இலங்கையின் நிலையை இவற்றோடு ஒப்பிட்டு நோக்கும்போது ஒரு செய்தி தெளிவாகப் புலப்படும். இங்கு இடாப்புக்களுக்குப் பஞ்சமில்லை. கிராம உத்தியோகத்தரின் காரியாலயத்தில் ஒவ்வொரு வீட்டாரின் பெயரும் உண்டு. ஆனால் உதவியின் அலகு ஆள் அன்று, குடும்பம். 2020 மார்ச்சு 20 ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஏப்பிரிலிலும் மே மாதத்திலும் சமுர்த்தி பெறுவோர்க்கும் வருவாயிழந்த வேறு பலர்க்கும் 5000 ரூபா வழங்கப்பட்டது. அது குடும்பமொன்றுக்கு 5000 ரூபா. மூவர் இருப்பினும் எழுவர் இருப்பினும் தொகை ஒன்றே.

கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்து ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களின் இடர்ப்பாடு இதிலிருந்தே தோன்றியது. அவர்கள் தூரக் கிராமங்களிலிருந்து வந்து, ஓர் அறையிற் பலராகத் தங்கியிருந்தவர்கள். தொழிற்சாலை மூடப்பட்டது, பேருந்து நின்றது, ஊருக்குச் செல்ல வழியில்லை. பெயரோ ஊரிலிருந்த பட்டியலில், தாய் தந்தையரின் குடும்பத்தோடு இருந்தது. தங்கியிருந்த இடத்தின் பட்டியலில் இல்லாதவர்க்கு அங்கு நிவாரணம் பெறுதல் அரிதாயிற்று. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிய பெண், உண்ணவேண்டிய இடத்தில் ஊர்பேர் அற்றவளானாள்.

'குடும்பத் தலைவர்' என்னும் சொல் இந்நாட்டு மக்களுக்கு முன்னரும் ஒருமுறை தீங்கு செய்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்து சென்றபின், வீடிழந்தோர்க்குக் காணியும் வீடும் குடும்பத் தலைவரின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டன. நடைமுறையில் தலைவர் எனப்பட்டவர் கணவர். கிழக்கு மாகாணத்துத் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது தொன்றுதொட்ட வழக்கு. அலை கொண்டுபோன வீடு மனைவியினுடையது, அரசாங்கம் கொடுத்த வீடு கணவனுடையதாயிற்று. எவரும் பெண்ணின் உரிமையைப் பறிக்க எண்ணிச் செய்ததன்று. பத்திரத்தில் ஒரு பெயருக்கே இடமிருந்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் பெண்ணின் சீதனச் சொத்தை ஏற்றுக்கொண்ட சட்டமே என்பதை நினைப்போர்க்கு இதன் முரண்பாடு நன்கு விளங்கும்.

இலங்கையிற் குடும்பங்களுள் நான்கிலொன்றளவு பெண்ணைத் தலைவராகக் கொண்டவை. வடக்கிலும் கிழக்கிலும் போரிற் கணவரை இழந்தோரும், காணாமற்போனோரின் மனைவியரும் இவர்களுட் பலராவர். இவர்களிற் பலருக்குப் பெருந்தொற்று தனியே வரவில்லை. கிழமைதோறும் அறவிட வரும் நுண்கடன் நிறுவன ஊழியரோடு சேர்ந்து வந்தது. பிணையாகக் காணி எழுதக் கேளாது, பெண்கள் சிலரைக் குழுவாக்கி ஒருவர்க்கொருவர் பொறுப்பாக்கிக் கொடுத்த கடன் அது. வட்டியோ மிகக் கடியது. 2018 ஆம் ஆண்டில் வரட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த இத்தகைய கடன்களை நீக்க அரசாங்கம் முன்வந்தது. அது போதவில்லை. ஊரடங்கினால் வருவாய் நின்றபின், 2021 மார்ச்சு 8 ஆந் திகதி, சர்வதேச மகளிர் நாளன்றே, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிற் பெண்கள் சத்தியாக்கிரகந் தொடங்கி வாரக்கணக்கில் அமர்ந்திருந்தனர். அரசாங்க ஏட்டிற் குடும்பத்தின் ஓருறுப்பாக மட்டும் இருந்த பெண், கடன்காரரின் ஏட்டில் தன் சொந்தப் பெயரில் முழுமையாக எழுதப்பட்டிருந்தாள் என்பது கசப்பான உண்மை.

2023 யூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 'அஸ்வெசும' என்னும் நலன்புரித் திட்டம் வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்பன பற்றிய 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்கள் வகுக்கப்பட்டன. வகைக்கேற்ப மாதம் 2500 முதல் 15,000 ரூபா வரை முதலிற் குறிக்கப்பட்டது. அரசியற் சார்பால் ஆட்களைச் சேர்க்கும் பழைய குறைக்கு இது மாற்றாக எண்ணப்பட்டது, அவ்வளவில் முன்னேற்றமே. ஆயினும் இங்கும் அளக்கப்பட்டது வீடு. ஒரே கூரையின்கீழ்ப் பெற்றோரோடு வாழும் கைம்பெண்ணோ, கணவனால் நீங்கப்பெற்றுத் தமையன் வீட்டிற் பிள்ளைகளோடு ஒதுங்கியவளோ, அவ்வீட்டின் சுவரும் கூரையும் பெற்ற புள்ளிகளுக்குள் மறைந்துபோக இடமுண்டு.

வேறுவகையான இடாப்பு இந்நாட்டிலேயே நெடுங்காலமாக உண்டு என்பதைப் பலர் கருதுவதில்லை. 1926 ஆம் ஆண்டு களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டுப் பரவிய சேவையிலே, குடும்பநல மருத்துவமாது தன் பகுதியில் மகப்பேற்று வயதுப் பெண்கள் வாழும் வீடுகளுக்குச் சென்று அவர்களைப் பதிந்து வைப்பாள். இந்தியாவின் ஆஷாவைப் போலன்றி அவள் அரசாங்க உத்தியோகத்தர், மாதச்சம்பளம் பெறுபவள். மழையில் ஈருருளியிலோ கால்நடையாகவோ சென்று அவள் எழுதிய ஏட்டிற் பெண் எவருடைய சார்பிலும் எழுதப்படுவதில்லை. கவனிக்கப்படவேண்டியவள் அவளே என்பதால் எழுதப்படுகிறாள். கருவுற்ற தாய்மாருக்குப் போசாக்குப் பொருள் வாங்க மாதம் 2000 ரூபாவாகப் பத்து மாதம் உதவும் திட்டம் 2015 இல் வந்தபோது, அதற்கு அடிப்படையாய் அமைந்தது தாய்சேய் நலச் சிகிச்சை நிலையத்தில் அத்தாய் தன் பெயரிற் செய்திருந்த பதிவே.